கருவாடு வைக்காத கட்டு

பாறைச்சோற்று நாளில் அழகுத்தாய் அக்கா தன் கைக்கு வரும் சோற்றுக் கட்டை உடனே அவிழ்க்க மாட்டாள். முதலில் அதை முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்து மோந்து பார்ப்பாள். பிறகு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்வாள். கண்ணில் ஒற்றிக்கொள்வதைத்தான் மற்றவர்கள் பார்த்தார்கள். அது ஏதோ முறை என்று நினைத்து, நாளடைவில் எல்லாப் பெண்களும் அவரவர் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். மோந்து பார்ப்பதை நான் ஒருத்திதான் கவனித்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கவனித்திருக்கிறேன்.

அழகுத்தாய் அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. சக்குபள்ளத்துக்கு மேலே ஏலக்காட்டில் எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நான் இரண்டாம் வகுப்போடு நின்று, பதினான்கு வயதில் கல்யாணமாகி அங்கே போனேன். யாரிடமும் பேசத் தெரியாது. அக்காதான் எனக்கும் சேர்த்துப் பேசுவாள்.

பங்குனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை பாறைச்சோறு. கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து மலை முகட்டுப் புல் புதிதாகத் துளிர்த்திருக்கும். ஏலக்காட்டிலிருந்து பெண்கள் மேற்குப் பக்கமாக ஏறுவார்கள். கம்பம், கூடலூர்ப் பக்கத்துப் பெண்கள் கீழேயிருந்து கிழக்குப் பக்கமாக ஏறி வருவார்கள். முகட்டில் யானை படுத்தாற்போல் ஒரு பாறை. அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டு, பாடி, பேன் பார்த்து, வெயில் சாயும்போது இறங்குவார்கள். ஆண்களுக்கு அன்று வீட்டில் பழைய சோறுதான்.

இதில் இரண்டு கட்டளைகள் உண்டு. தான் கொண்டுபோன சோற்றை யாரும் தானே தின்னக் கூடாது. மேலேயிருந்து போகிறவள் தன் கட்டைக் கீழேயிருந்து வந்தவளிடம் கொடுத்து அவள் கட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, சோற்றின் மேல் கருவாட்டுக் குழம்பு இருந்தே ஆக வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். போன வருஷம்கூட ஆனைக்கரையிலிருந்து வந்த ஒரு பெண், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அம்மனுக்குக் கருவாடா? உங்க ஆத்தா என்ன, கடக்கரைல பொறந்தவளா?" என்று கேட்டாள். "அது ஆத்தா உத்தரவு, நீ தின்னுத்தா" என்று சொல்லிவிட்டார்கள்.

அது ஆத்தாள் உத்தரவு இல்லை. அக்காவின் புருஷன், என் மூத்தார் மொக்கையனின் உத்தரவு.

அந்தக் காலத்தில் மலையில் விளையும் ஏலக்காய் முழுவதும் மலையாளத்துச் சர்க்காரைச் சேர்ந்தது. பாடுபட்டவன் கடைசிக் காய் வரை பண்டகசாலையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, அவர்கள் தருவதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். கீழே, எல்லைக்கு அப்பால், சந்தையில் அதே காய்க்கு நல்ல விலை. அதனால் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் காய் கூரையிலும் குதிருக்குள்ளும் ஒளிந்திருக்கும். கீழே கொண்டுபோவதுதான் பாடு. கணவாய் இறங்கும் இடத்தில் சுங்கச் சாவடி இருந்தது. தலையில் சுமையோடு ஆண்கள் போனால் சேவகர்கள் உதறிப் பார்ப்பார்கள். பெண்கள் சோறு கொண்டுபோனால் பார்க்க மாட்டார்கள் என்று என் மூத்தாருக்குத் தோன்றியது.

நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்த பேச்சு இது. அக்காவே பிறகு எனக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"சோத்தத் தூக்கிட்டு எதுக்கு மலமேல போறீகன்னு கேப்பான்ல?" என்று அக்கா கேட்டாளாம்.

"சாமிக்குன்னு சொல்லு."

"எந்தச் சாமிக்கு?"

"அந்தப் பாறைக்கு மூணு பொட்டு வையி. சாமிதான். பாறையம்மன்."

"அப்பிடிப் பேசாதீக. கண்ணு அவிஞ்சு போகும்."

"நம்ம உண்டாக்குன சாமி நம்மள என்னடி செய்யும்?"

பனையோலைக் கொட்டானில் அடியில் ஏலக்காயைப் பரப்பி, அதன்மேல் வாழையிலை போட்டு, இலையின்மேல் சோற்றை வைத்துத் துணியால் கட்டினார்கள். மேலேயிருந்து போன கட்டுகள் பாறையில் கைமாறின. கீழூர்ப் பெண்கள் பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு, மிச்சம் பிரசாதம் என்று கொட்டானோடு சாவடியைத் தாண்டிக்கொண்டு போனார்கள். ஏலக்காய் வாசம் ஒளியாது. அதற்குத்தான் கருவாடு. முதல் வருஷம் சாவடிச் சேவகன் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போ, போ, வேகம் போ" என்று எல்லாரையும் விரட்டிவிட்டானாம். இரண்டாம் வருஷம் கட்டுகளைக் கண்டதுமே அவன் எழுந்து தூரப் போய் நின்றுகொண்டான்.

கொல்லம் ஆயிரத்து எழுபது, அதாவது 1895, மூன்றாம் வருஷம். எனக்கு அதுதான் முதல் பாறைச்சோறு.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. மாமியார் காது கேட்க ஒன்றும் சொல்ல மாட்டாள். கோழி அடைகாப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள், அவ்வளவுதான். அந்த வருஷம் முழுவதும் அக்கா வெள்ளிக்கிழமை தோறும் அந்த முகட்டுக்குப் போய்ப் பாறைக்கு மஞ்சள் பூசிவிட்டு வந்தாள். விறகு பொறுக்கப் போகிறேன் என்பாள். வரும்போது விறகு இருக்காது. நெற்றியில் குங்குமம் இருக்கும். தன் புருஷன் விளையாட்டாகப் பேர் வைத்த சாமி அது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நம்பினாள். வேறு எந்தச் சாமியும் அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் இல்லை.

அன்று காலையில் நான் அடுப்பெரித்தேன். அக்கா தேங்காய்ச் சோறு கிளறினாள். கொட்டானில் காயைப் பரப்பி இலை போட்டுச் சோற்றை வைத்தாள். கருவாட்டுச் சட்டியைத் தொடாமலே துணியை எடுத்து முடிச்சுப் போட்டாள்.

"கருவாடுக்கா?" என்றேன்.

அவள் வாசலைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தாளுக்குப் போற சோறுத்தா. நாத்தத்த வச்சுக்கிட்டு எப்பிடிப் புள்ள கேக்குறது? இந்த ஒரு வருசம். நீ யார்ட்டயும் சொல்லாத சின்னவளே."

நான் தலையை ஆட்டினேன். சொல்லாமல் இருப்பது எனக்கு எப்போதும் சுலபமாக வரும்.

பாறையில் அக்காவோடு கட்டு மாற்றிக்கொண்டவள் சந்தனம். கூடலூர்ப் பக்கத்துக்காரி, பெரியமுத்து என்பவரின் மனைவி. இருபத்திரண்டு வயது இருக்கும். அவள் வாய் ஓயாது. அக்காவை வம்புக்கு மதினி என்று கூப்பிடுவாள். கட்டை வாங்கியதுமே மூக்கைச் சுருக்கினாள்.

"ஏ மதினி, கருவாட்ட வழியிலயே நக்கிட்டியா? இல்ல, உங்க வீட்டுப் பூனைக்கு இன்னைக்கு வளைகாப்பா?"

அக்கா சிரிக்கவில்லை. "வெரதம்டி" என்று மட்டும் சொன்னாள்.

சந்தனம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கும் அப்போது பிள்ளை இல்லை. "சரி, எனக்கும் சேத்து வேண்டிக்க" என்று கட்டை இடுப்பில் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று அவள் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

கீழூர்ப் பெண்களைச் சாவடி வரை கொண்டுபோய் விட்டு வருவது எங்கள் வழக்கம். அன்று நாங்கள் மேலூர்ப் பெண்கள் பதினோரு பேர் போனோம். வழியில் தூறல் போட்டுக் கொட்டான்கள் நனைந்திருந்தன. சேவகன் வழக்கம்போல் எழுந்து தூரப் போனான். முன்னால் போன சந்தனம் அவனைக் கடக்கும்போது அவன் நின்றான். திரும்பி வந்தான்.

"என்னா, இக்கொல்லம் கருவாடு இல்லையோ?" இந்த வருஷம் மட்டும் ஏன் இல்லை என்று தன் மலையாளத்தில் கேட்டான்.

அவன் கைத்தடியால் முடிச்சை நெம்பி, சோற்றை விலக்கி, இலையைத் தூக்கினான். பச்சைக் காய் தெரிந்தது.

சந்தனம் பேச ஆரம்பித்தாள். மலைக்கு வந்தால் மலைக்காய் வாசம் அடிக்காமல் மல்லிகைப் பூவா அடிக்கும் என்றாள். வயிற்று வலிக்குக் கஷாயம் வைக்க நாலு காய் என்றாள். சேவகனின் தாய் சுகமா, பிள்ளை சுகமா என்று கேட்டாள். பேச்சை அவள் ஏன் வளர்த்தாள் என்பது பின்னால் நின்றவர்களுக்கு விளங்கியது. ஒருத்தி மாற்றி ஒருத்தி தங்கள் கொட்டான்களை ஓசைப்படாமல் புதரில் சரித்துவிட்டார்கள். அன்று அவர்கள் அத்தனை பேரும் தப்பியது அவள் வாயால்தான்.

சேவகன் துணியைத் தூக்கிப் பிடித்தான். அக்காவின் பழைய சேலையில் கிழித்த துணி அது.

"ஆரு கெட்டின கெட்டு இது? மேலேருந்து தந்ததோ? பறயணும், சொல்லு."

சந்தனம் பேச்சை நிறுத்தினாள். திரும்பி எங்களைப் பார்த்தாள். அக்காவை மட்டும் பார்க்கவில்லை, வரிசையாக எல்லாரையும் பார்த்தாள். காத்திருந்தாள். அவ்வளவு நேரம் அவள் வாய் மூடி நான் பார்த்ததில்லை. அக்கா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் துணி யாருடையது என்று அங்கே தெரியாதவன் சேவகன் மட்டும்தான்.

"நான் கட்டுனதுதான்" என்றாள் சந்தனம்.

ஓர் இரவு சாவடியில் வைத்திருந்து, மறுநாள் அவளைக் கூட்டிப்போனார்கள். மூன்று மாதம் ஜெயில். வெளியே வந்தபோது புருஷன் வீட்டில் அவளை உள்ளே விடவில்லை. அந்தக் காய்க்காகக் காத்திருந்தவர்களே அவர்கள்தான். ஆனால் ஊருக்கு அவர்கள் சொன்னது, அவள் எங்கேயோ திருடி ஒளித்துக்கொண்டு வந்தாள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று. பெரியமுத்து தன் தாயின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாமல் வேறு பெண் கட்டிக்கொண்டார். சந்தனம் பீருமேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து எடுக்கப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டோம்.

அந்தக் கார்த்திகையில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பொன்ராஜ் என்று பேர் வைத்தார்கள். பிறந்த நாளிலிருந்து நான் பின்னோக்கிப் பார்த்திருக்கிறேன். பாறைக்குக் கருவாடு இல்லாமல் சோறு கொண்டுபோன அன்றே பிள்ளை வயிற்றில் இருந்திருக்கிறது. அக்காவுக்கும் அது தெரியாமல் இருக்காது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

அடுத்த வருஷமே சர்க்கார் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. ஏலக்காயை யாரும் எங்கேயும் விற்கலாம் என்று ஆயிற்று. "இனி எதுக்கு மலையேறணும்? சோத்த வீட்டுலயே தின்போம்" என்றார் என் மூத்தார். ஆனால் பங்குனிக் கடைசி வெள்ளியில் வாசலில் பெண்கள் நின்றார்கள். ஒன்பது வருஷம் மலடியாக இருந்தவளுக்குப் பாறையம்மன் பிள்ளை கொடுத்துவிட்டாள் என்று பேச்சுப் பரவியிருந்தது. மூன்று வருஷத்தில் கூட்டம் நூறைத் தாண்டியது. பிள்ளை வேண்டி வருகிறவர்கள் முதல் கவளத்தை அழகுத்தாய் கையால் வாங்கித் தின்ன வேண்டும் என்று ஒரு முறையும் ஏற்பட்டது. கட்டு மாற்றுவதும் கருவாடும் அப்படியே நிலைத்துவிட்டன. ஏன் என்று தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அக்கா மோந்து பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். ஒரு முறை என் மூத்தாரிடம், "எல்லாத்தையும் சொல்லிரப் போறேன்" என்று அழுதாள். அவர், "ஆத்தா குடுத்த புள்ளய நீயே இல்லேம்பியா? பேசாம கவளத்தக் குடு" என்று வெற்றிலையை மடித்தார். அவர் அதன் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. அக்கா தொடர்ந்து கவளம் கொடுத்தாள். காலில் விழுகிறவர்களைத் தடுக்க மாட்டாள்; முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

சந்தனம் திரும்பி வந்தது 1924 பங்குனியில். கவளம் வாங்கும் வரிசையில் நின்றாள். தலை நரைத்து, கொழுந்துக் கூடைப் பட்டை அழுத்தி அழுத்தி நெற்றியில் வடு விழுந்திருந்தது. தங்கை மகள் சுருளியம்மாளைக் கூட்டி வந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லை.

அக்கா கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"குடுத்துரு மதினி" என்றாள் சந்தனம். "அவ நம்பி வந்திருக்கா."

கொடுத்தாள். பிறகு சந்தனத்தைப் பாறையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். அக்கா குனிந்து அவள் காலைத் தொடப் போனாள். சந்தனம் காலை இழுத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் வாயத் தெறக்கலத்தா. என்ன மன்னிச்சுக்கோ."

"நீ தெறக்கலன்னு எனக்கே சொல்றியா? எதுக்க நின்னவ நான்தான?" சந்தனம் குரலை உயர்த்தவில்லை. "மன்னிப்ப வச்சு நான் என்ன செய்ய? கொழம்புல போடவா? பாறைக்குப் பின்னால என்கிட்ட சொல்லாத. அவரு இன்னும் உசுரோட இருக்காரு. அந்த வீட்டு வாசல்ல போயி நின்னு சொல்லு. அது எங்க காட்டுக் காயி, நான் வச்சுக் கட்டுனது, அவ திருடலன்னு. அவ்வளவுதான். நான் அங்க போயி வாழப் போறதில்ல. அவுக காதுல விழணும்."

"சொல்றேன். சித்திரை பொறக்கட்டும், போறேன்."

"இருபத்தொம்பது வருசம் கழிச்சும் நல்ல நாள் பாக்குறியே" என்றாள் சந்தனம்.

சித்திரை மூன்றாம் நாள் நானும் அக்காவும் கணவாய் இறங்கிப் போனோம். வழியெல்லாம் அக்கா அந்த வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எங்க காட்டுக் காயி. நான் வச்சுக் கட்டுனது. அவ திருடல.

பெரியமுத்து வீட்டைக் கேட்டுப் போய் வாசலில் நின்றோம். அவருடைய இரண்டாம் மனைவி எட்டிப் பார்த்தாள். அக்காவைக் கண்டதும், "ஏ சாமி! பாறையம்மன் ஆத்தால்ல வந்திருக்கு!" என்று கூவிக்கொண்டு ஓடி வந்து காலில் விழுந்தாள். அவளுடைய இரண்டு பையன்களும் பாறையில் கவளம் தின்று பிறந்தவர்களாம். பாய் விரித்தாள். செம்பில் மோர் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் குழந்தைகளை இடுக்கிக்கொண்டு வந்து சூழ்ந்தார்கள். பெரியமுத்து ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்து கைகூப்பினார்.

"நான் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்" என்று அக்கா ஆரம்பித்தாள். "சந்தனம்..."

"அந்தத் திருடி பேரு எதுக்குங்கத்தா?" என்றார் அவர், கூப்பிய கையை எடுக்காமலே. "ஆத்தா பேரச் சொல்ற வாயி."

ஒரு பெண் தன் குழந்தையைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் கிடத்தினாள். அக்கா குழந்தையைப் பார்த்தாள். சுருக்குப் பையிலிருந்து திருநீற்றை எடுத்து அதன் நெற்றியில் பூசினாள். அடுத்த குழந்தையைக் கிடத்தினார்கள். அதற்கும் பூசினாள்.

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். நாலு வார்த்தைதான். அக்காவால் முடியாவிட்டால் நான் சொல்லியிருக்கலாம். கட்டு கட்டியபோது அடுப்பெரித்தவள் நான். என்னை யாரும் ஆத்தா என்று கும்பிடவில்லை. இழப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. மோர்ச் செம்பை வாங்கிக் குடித்துவிட்டு, அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அதுதான் நான் செய்தது.

ஏற்றத்தில் பாதி வழியில் அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்தாள். "இன்னொரு நா வருவம் சின்னவளே" என்றாள். நான் சரி என்றேன். அந்த இன்னொரு நாள் வரவில்லை.

அடுத்த பங்குனியில் சந்தனம் வந்தாள். சுருளியம்மாளுக்கு ஒன்றும் உண்டாகவில்லை. அதைப் பற்றி அவள் பேசவில்லை. நேராக அக்காவிடம் வந்து, "சொன்னியா?" என்று கேட்டாள்.

"சொன்னேன்" என்றாள் அக்கா.

"வாசல்லயா?"

"வாசல்லதான். ஊரு பூரா நின்னுச்சு."

"அவரு என்ன சொன்னாரு?"

"தலையக் குனிஞ்சுக்கிட்டாரு."

சந்தனம் என் பக்கம் திரும்பினாள். நானும் கூடப் போனது அவளுக்குத் தெரியும். "ஆமாவாத்தா?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

அவள் புல்லில் உட்கார்ந்து முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துக்கொண்டு, "எங்கடி என் கட்டு? பசிக்குது" என்றாள். அன்று அவள் கருவாட்டு முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றாள். மாமியார்க்காரி நடையை நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது, அவள் சாவடியில் பிடிபட்ட வருஷத்துக்குப் பிறகு அதுதான். அக்கா அவளுக்கு எதிரே உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். இனி உண்மையைச் சொல்வதென்றால் இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும்.

அதற்கு இப்போது பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பாறைச்சோறு நடக்கிறது, இந்த வருஷம் ஏலத்தோட்டத்து முதலாளி வீட்டுப் பெண்கள்கூட வந்தார்கள். அழகுத்தாய் அக்காவுக்குக் கண் தெரியவில்லை, மலையேறுவதில்லை. பொன்ராஜின் மனைவி கவளம் கொடுக்கிறாள். பெரியமுத்து போன ஐப்பசியில் இறந்துபோனார். சந்தனம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் தங்கை மகளோடு இருக்கிறாள். தன் பேர் துலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கூடலூர்ப் பக்கத்து அந்த வீட்டில் அவளை இன்றும் திருடி என்றுதான் சொல்கிறார்கள்.